உடைந்த பின்னு, அசையாத ஜே.சி.பி... சுத்தியலைத் தூக்கும் முன் இதைப் படிங்க!

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பார்கள். தருமபுரி மாவட்டத்தில் இன்று அந்தத் தேரின் இடத்தில் நிற்பது ஜே.சி.பி. பாலக்கோட்டில் தோட்டம் சமன் செய்வதா, ஏரியில் வண்டல் அள்ளுவதா, பென்னாகரம் பக்கம் பாறை நிலத்தைத் திருத்துவதா, எதற்கும் அதுதான் வர வேண்டும்.

1945-ல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் பெயர்ச் சுருக்கம்தான் ஜே.சி.பி. ஏழெட்டு டன் எடையுள்ள அந்த வண்டியின் கையையும் பக்கெட்டையும் இணைத்துப் பிடித்திருப்பது, மணிக்கட்டுத் தடிமன் உள்ள சில இரும்புப் பின்னுகள். அதில் ஒன்று உள்ளேயே உடைந்து சிக்கிக்கொண்டால் வண்டி படுத்துவிடும். மணிக்கணக்கு வாடகை நின்றுபோகும். ஆனால், வங்கித் தவணை நிற்காது. அந்த அவசரத்தில்தான் கையும் கண்ணும் போகின்றன.

ஏன் சிக்குகிறது?

பின்னுக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. அதை நிரப்ப வேண்டியது கிரீஸ். கிரீஸ் காய்ந்தால் அந்த இடத்துக்கு மண்ணும் தண்ணீரும் வந்து சேரும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பின்னு ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடும். தேய்ந்த புஷ்ஷுக்குள் வளைந்து உடைந்த பின்னு என்றால், எடுப்பது இன்னும் கஷ்டம்.

முதல் வேலை முட்டுக் கொடுப்பது

பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவர்களை அசைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தை விட வேண்டும். கைப்பகுதிக்கு அடியில் தடித்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்க வேண்டும். பின்னு வெளியே வரும் நொடியில், அது தாங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான கிலோ எடை கீழே இறங்கும். எனவே, அடியில் யாரும் படுக்கவோ கை நீட்டவோ கூடாது.

அடிக்காதீங்க... சூடாக்குங்க!

மண்ணைச் சுத்தம் செய்து, துரு நீக்கும் எண்ணெயை விட்டு, ஒரு ராத்திரி ஊறவிடலாம். நகரவில்லை என்றால் அடுத்தது சூடு. இதில் பலர் செய்யும் தவறு, பின்னைச் சூடாக்குவது. பின்னு விரிந்தால் இன்னும் இறுகும். சூடாக்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள வெளி இரும்பை.

50 மில்லிமீட்டர் துளையைச் சுற்றியுள்ள இரும்பில் 200 டிகிரி வெப்பம் கூடினால், துளை சுமார் 0.12 மில்லிமீட்டர் பெரிதாகும். ஒரு தாளின் தடிமன்தான், ஆனால் பல நேரம் அதுவே போதும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டிய ஊர்க் கொல்லர்கள் நம்பியதும் இதே கணக்கைத்தான்.

நெருப்பைக் காட்டும் முன் ஊற்றிய எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். ஹைட்ராலிக் குழாய், சிலிண்டர் பக்கம் தீ போகவே கூடாது.

உள்ளே உடைந்திருந்தால்..?

வெளியே தெரியும் துண்டின் மேல் ஒரு பெரிய நட்டையோ கம்பியையோ வெல்டிங் செய்வது வழக்கமான வழி. வெல்டிங் சூட்டில் பின்னு விரிந்து, ஆறும்போது சுருங்கும். அப்போது துருவின் பிடி தளரும். பிறகு, குழாய்த் துண்டை முட்டாக வைத்து ஜாக்கி மூலம் நிதானமாக இழுக்கலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால், நடுவில் துளை போட்டோ கேஸ் வைத்து வெட்டியோ எடுக்கலாம். அப்போது துளை சேதமானால், வெல்டிங்கில் நிரப்பிக் கடைசல் பிடிக்கும் செலவும் சேரும்.

கண் பத்திரம்

பின்னு கடினப்படுத்திய இரும்பு. சுத்தியலால் நேராக ஓங்கி அடித்தால் சில்லு தெறிக்கும். நடுவில் பித்தளைக் கம்பியை வைத்து அடிப்பதே நல்லது. கண்ணாடி இல்லாமல் அடிக்கவே கூடாது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் இது பொருந்தும்.

கண்ணுக்குள் போன இரும்புத் துணுக்கு முதலில் வலிக்காமலும் இருக்கலாம். நாளடைவில் பார்வையையே பறித்துவிடும். கசக்காமல், உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விடக் கூடாது.

இத்தனை பாட்டையும் தவிர்க்க ஒரே வழி, தினமும் வேலை தொடங்கும் முன் கிரீஸ் கன்னை எடுப்பது. பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். பிதுங்கவில்லை என்றால் நிப்பிள் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை அன்றைக்கே மாற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலையோடு முடிந்துவிடும்.