இரண்டு அட்டைகள்

மாதக் கடைசியில் ஏதாவது ஒரு மெடிக்கல் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். "அண்ணே, முழு அட்டை வேணாம், நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் குடுங்க" என்ற குரல் எப்படியும் காதில் விழும். கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுப்பார். பெரும்பாலும் இப்படி வெட்டுப்படுவது சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகள்தாம். காய்ச்சல் மாத்திரைக்கு இந்தச் சங்கடம் இல்லை. மூன்று நாளில் அதன் கணக்கு முடிந்துவிடும்.

வைத்தியச் செலவு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆபரேஷனும் அடகுக் கடையும். அரசுகளும் அதற்குத்தான் வழி தேடின. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்று பாதுகாப்பு உண்டு. இதய அறுவை சிகிச்சைக்காக நிலத்தை விற்காமல் தப்பிய குடும்பங்கள் ஏராளம். அதை மறுப்பது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் அந்தக் காப்பீட்டு அட்டை ஏறக்குறைய முழுவதும் கட்டிலில் படுத்தவருக்கானது. டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவரின் கையில் மிஞ்சுவது இன்னொரு அட்டை, மாதம் தவறாமல் காசு கேட்கும் மாத்திரை அட்டை.

ஆஸ்பத்திரிச் செலவு ஒருமுறை இடிபோல் விழுகிறது. ஊர் திரண்டு உதவும், மச்சான் கடன் கொடுப்பார், கூட்டுறவு வங்கியில் நகை போகும். மாத்திரைச் செலவுக்கு யாரிடம் போய்க் கைமாற்று கேட்பது? மளிகையிலும் பிள்ளையின் டியூஷனிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துத்தான் அதை ஈடுகட்ட வேண்டும். இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. ஆயுள் முழுக்க மருந்து வாங்க வேண்டிய கூட்டம் இது.

அரசுக் கணக்கில் காட்சி வேறு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுத்தது 2013–14-இல் 64.2 விழுக்காடு, 2021–22-இல் 39.4. பெருமைப்படலாம்தான். ஆனால் பிந்தைய மதிப்பீட்டில் குடும்பச் செலவுக்கு அடிப்படை 2017–18-இல் எடுத்த கணக்கெடுப்பு. அது பொருத்தமானதா என்று பொருளியலாளர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது இன்னொன்று. குடும்பச் செலவில் 10 விழுக்காட்டைத் தாண்டி மருத்துவத்துக்குப் போனால் அதைப் பேரிடர்ச் செலவு என்று கணக்கிடுவது உலக அளவில் நெடுநாள் வழக்கம். அப்படியானால், மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட அம்மாவின் வீட்டில் செலவே இல்லை. புள்ளிவிவரப்படி அவர் நன்றாக இருக்கிறார். இரண்டு வருடம் கழித்துச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வரும்போதுதான் கணக்குக்குள் வருவார். அப்போது காப்பீட்டு அட்டையும் செல்லும்.

விலையைக் கட்டுப்படுத்தத்தான் அரசு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2013-இல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் 1 விழுக்காடாவது பங்குள்ள நிறுவனங்களின் விலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, அதன்மேல் கடைக்காரர் லாபம் 16 விழுக்காடு சேர்த்து உச்சவரம்பு வைக்கிறார்கள். மருந்து தயாரிக்க என்ன ஆகும் என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. விற்கிறவர்களின் விலையிலிருந்தே விற்பனைக்கு வரம்பு! அந்த வரம்பும் மொத்த விலைக் குறியீட்டோடு ஏறும். 2023 ஏப்ரலில் 12 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை தாராளமாக உயர்த்தலாம்.

இதற்கு மாற்றைத் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. நோயாளிக்கு இலவசம். ராஜஸ்தானும் கேரளமும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இதே மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. 2025 பிப்ரவரியில், கம்பெனிப் பெயரில்லாத ஜெனரிக் மருந்துகளை மலிவாக விற்கும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரையே எழுதும்வரை அங்கே போய் நிற்கிறவருக்குத் தயக்கம் தீராது என்பது தனிக்கதை.

வெளிநோயாளிக்கும் காப்பீடு கொடுங்கள் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாதாமாதம் நிச்சயம் வரும் செலவுக்குப் பிரீமியம் கட்டுவது, நடுவில் ஒரு கம்பெனிக்கும் கூலி கொடுப்பதுதான். அந்தப் பணத்தை மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதலில் போட்டால் கூடுதல் மாத்திரை வரும்.

இலவச மருந்து இருந்தும் ஏன் கடைக்குப் போகிறார்கள்? பதில் மருந்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. காலையில் ஓ.பி. வரிசையில் நின்றால் கொத்தனாருக்கு அன்றைய கூலி போச்சு. நாற்பது ரூபாய் மாத்திரைக்கு எண்ணூறு ரூபாய் கூலியை எவர் விடுவார்? நகரங்களில் 2023 முதல் திறக்கப்பட்ட நலவாழ்வு மையங்கள் மாலை 4 மணியிலிருந்து 8 மணி வரையும் இயங்குகின்றன. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாலை ஓ.பி. முறையாக நடந்து, மருந்து கொடுக்கும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கொத்தனார் சாரத்தைவிட்டு இறங்கிக் கைகால் கழுவும்போது மணி ஆறு. இப்போதைக்கு அந்நேரத்தில் அங்கே விளக்கெரிவது மெடிக்கல் கடையில்தான்.