மாற்றுவதற்கு முன் மீட்டரை எடுடா தம்பி

போன வாரம் தென்னேரி ஏரிக்கரை ரோட்டில் என் பழைய கார் திணறித் திணறி நின்றது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். பி0122 என்று வந்தது. "த்ராட்டில் சென்சார் போச்சு சார், புதுசு போட்டுடலாம்." ஒரு வயரைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை!

அந்தக் கோட், சென்சார் செத்ததாகச் சொல்லவே இல்லை. சிக்னல் வோல்டேஜ் குறைவு என்கிறது, அவ்வளவுதான். வயர் அறுந்தாலும் அதே கோட் வரும்.

வீட்டுக்கு வந்து நானே பார்த்தேன். த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில், வால்வுத் தண்டின் முனையில், மூன்று வயரோடு இருப்பதுதான் சென்சார். பிளஸ் டூ லேபில் மின்னழுத்தமானிக் கம்பிமேல் ஜாக்கியை நகர்த்தினோமே, அதே வேலைதான். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து சிக்னல் வயரில் மீட்டரை வைத்தால், த்ராட்டில் மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட். மெதுவாகத் திறந்தால் குதிக்காமல் 4.5 பக்கம் ஏறவேண்டும். எனக்கு ஏறவே இல்லை. கனெக்டரைக் கழற்றினால், 5 வோல்ட் பின்னில் பச்சைக் களிம்பு. துடைத்து மாட்டினேன், ஏறியது.

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் செய்பவர்கள் நம் பிள்ளைகள். பழுது பார்ப்பவர்களும் நீங்கள்தான். பத்து நிமிஷச் சோதனைக்கு நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். முள் குதித்தால் தாராளமாக மாற்றுங்கள், காசு தருகிறேன். கேபிள் இல்லாத புது வண்டிகளில் பெரும்பாலும் சென்சார் த்ராட்டில் பாடிக்குள்ளேயே இருக்கும், மொத்தமாகத்தான் மாற்றவேண்டும். அங்கே இந்த அவசரத்துக்கு யார் பணம் கட்டுவது?