பஞ்சாரத்துக்குச் சக்கரம் வைத்தால் குற்றமா?

2025 மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலர் 23 சென்ட். பறவைக் காய்ச்சல் 2022 தொடக்கத்தில் பண்ணைகளுக்குள் புகுந்ததிலிருந்து பதினைந்து கோடிக்கும் மேற்பட்ட பறவைகளை இழந்த பிறகு வந்த விலை அது. அந்தச் சமயத்தில்தான் வேளாண் துறைச் செயலர் புரூக் ராலின்ஸ், மக்கள் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பதைப் பற்றி யோசிக்கிறார்கள், நல்ல விஷயம்தானே என்கிற தொனியில் தொலைக்காட்சியில் பேசினார். நிறைய பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது. வளர்க்கச் சொல்றீங்க, சரி. எந்தக் கொல்லையில் வளர்க்க விடுவீங்க?

நான் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டின் நகரத்தில். பழைய தெரு, குடியிருப்புச் சங்கம் கிடையாது. நான்கு பெட்டைக் கோழிகள் வைத்திருக்கிறோம். கோழி வளர்ப்பு வகுப்புக்கு ஒருமுறை போய் வந்தால், கூண்டுச் செலவில் 75 டாலர் வரை திருப்பித் தருகிற திட்டம் இந்த நகராட்சியில் உண்டு. சாப்பாட்டு மிச்சம் குப்பைக் கிடங்குக்குப் போகாமல் கோழி வயிற்றுக்குப் போகட்டும் என்ற கணக்கு. இதே மாநிலத்தில் ஹூஸ்டன் போனால் கதை வேறு. அங்கே கோழியை அடுத்த வீட்டிலிருந்து 100 அடி தள்ளி வைக்க வேண்டும். அறுபது அடி அகல மனையில் நூறு அடிக்கு எங்கே போவது? தடை என்ற வார்த்தையே எழுதாமல் போட்ட தடை அது. வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற சான் பிரான்சிஸ்கோவிலோ, கதவு ஜன்னலிலிருந்து 20 அடி விட்டால் போதும், நான்கு கோழி வரை வைத்துக்கொள்ளலாம். நியூஜெர்சியில் 564 நகராட்சிகள். எடிசனில் இருப்பவர் கேட்டுக்கொண்ட விதி பக்கத்து ஊரில் இருக்கும் மச்சானுக்குப் பொருந்தாது.

இந்த அடிக்கணக்குகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நினைப்புதான் இருக்கிறது: கோழிக்கூடு என்பது ஓரிடத்தில் நட்டு வைத்த கட்டடம், அங்கே எச்சம் குவியும், நாறும், ஈ மொய்க்கும். நட்டு வைத்தால் அதெல்லாம் உண்மைதான். நகர்த்தினால்?

நாற்பது தாண்டிய வாசகர்களுக்குப் பஞ்சாரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூங்கில் சிம்பில் பின்னிய, அடியில்லாத பெரிய கூடை. பருந்துக்குப் பயந்து தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் அதில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் வாசலில், வெயில் ஏறினால் வேப்பமரத்தடியில். வைத்த இடம்தான் கூடு. ஆட்டுக்கிடை போடுவதும் இதே தத்துவம்தான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ராத்திரிக்கு ஒரு இடம் என்று பட்டியை மாற்றி மாற்றி அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுக்கச் சமமாக விழும். அதற்கு நிலத்துக்காரர் கூலியும் கொடுப்பார்.

வர்ஜீனியாவில் பாலிஃபேஸ் என்ற பண்ணையை நடத்தும் ஜோயல் சாலட்டின், 12 அடி நீளம், 10 அடி அகலம், 2 அடி உயரத்தில் அடியில்லாத கூண்டு செய்து, கறிக்கோழிகளைப் புல்வெளியில் தினம் ஒரு கூண்டு நீளம் நகர்த்துகிறார். 1993-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அடுத்த வருஷம் ஆண்டி லீ எழுதிய புத்தகத்தின் பெயர் 'சிக்கன் டிராக்டர்'. இப்போது நகரும் கூண்டுக்கு இங்கே அதுதான் பெயர். டிராக்டருக்கு எஞ்சின் கோழியின் கால் நகம்.

எங்கள் கூண்டு 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. பின்பக்கப் புல்தரை சுமார் 800 சதுர அடி. தினம் காலையில் ஒரு கூண்டு தூரம் இழுத்தால், புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப 25 நாள் ஆகும். ஒரு கோழி நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் எச்சமிடும். நான்கு கோழியின் எச்சம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் விழுந்தால் அது விஷம். புல் கருகும், ஈர மண்ணில் ரத்தக் கழிச்சல் கிருமி பெருகும். இருபத்தைந்தில் ஒரு நாள் மட்டும் விழுந்தால் அது உரம். நகர்த்தின சுவடு நாலு நாளில் தெரியாது, ரெண்டு வாரத்தில் அந்தக் கட்டம் மட்டும் கரும்பச்சையாக நிற்கும். களைக்கொல்லி கலந்த உரம் மட்டும் அந்தப் புல்லில் போடவே கூடாது.

செய்வது கஷ்டமில்லை, ஆனால் எடை முக்கியம். முன்கூட்டியே செய்து விற்கும் கூண்டுகளில் பாதி, ரெண்டு பேர் சேர்ந்தாலும் அசையாது. அசையாத கூண்டை முதல் வாரம் தினமும் நகர்த்துவோம், மூன்றாவது வாரம் நகர்த்த மாட்டோம். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற நாற்றம் உண்மையாகிவிடும். ஆகவே கனமான கட்டைகளை விட்டு, 2-க்கு 2 அங்குலச் சட்டத்தில் முக்கோணமாகக் கட்டினேன். ஒரு பக்கம் ரெண்டு சக்கரம், மறுபக்கம் தள்ளுவண்டி மாதிரி கைப்பிடி. மேல்பாதியில் பலகை போட்டு ராத்திரி அடைகிற இடமும் முட்டையிடும் பெட்டியும். ஊருக்கு வந்திருந்த அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஒரு பஞ்சாரத்துக்கா இவ்ளோ மரம்?" என்றார்.

மரம் ரக்கூனுக்காக. கடையில் 'கோழி வலை' என்று விற்கும் அறுகோணக் கண்ணி வலை, கோழி வெளியே போகாமல்தான் தடுக்கும். ரக்கூன் உள்ளே வராமல் தடுக்காது. அது பிய்த்துவிடும், கையை விட்டும் இழுக்கும். அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டிங் கம்பிவலைதான் வேண்டும். அடியில்லாத கூண்டு என்பதால் சுற்றிலும் ஒரு அடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்கவைத்துப் பாவாடை மாதிரி விரிக்கணும். தோண்ட வரும் பிராணி ஓரத்தில் தோண்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சாதாரண கொக்கியையும் ரக்கூன் திறக்கும். அழுத்தித் திருப்புகிற மாதிரி பூட்டு போடுங்கள். கூரை வலையாக இல்லாமல் தகடாகவே இருக்கட்டும். காட்டு வாத்தும் மற்ற பறவைகளும் மேலேயிருந்து போடும் எச்சத்தில்தான் பறவைக் காய்ச்சல் இறங்கும்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் சரியானதும் உண்டு. கொல்லைக் கோழிகளிலிருந்து சால்மோனெல்லா பரவுவது இந்த நாட்டில் வருஷா வருஷம் பதிவாகிறது. கை கழுவாத குழந்தையை கோழிப் பக்கம் விடக்கூடாது. பறவைக் காய்ச்சல் வட்டாரத்தில் இருக்கும்போது நாலு பக்கமும் மூடி, கூண்டை ஓரிடத்தில் நிறுத்தத்தான் வேண்டும். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் மர நிழல் இல்லாத வீட்டில் வளர்க்கவே வேண்டாம். புல்லைப் பிடுங்கிவிட்டுச் சரளைக்கல் கொட்டிய பே ஏரியா வீடுகளுக்கும் இந்தக் கூண்டு ஆகாது. முட்டை மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு கோழி தினம் ஒரு பவுண்டு தீவனம் தின்று, நல்ல பருவத்தில் மூன்று முட்டை போடும். தீவனத்தை மட்டும் பார்த்தால் கட்டுப்படியாகும். மரம், கம்பிவலை, சக்கரம் எல்லாம் சேர்த்தால் முதல் வருஷ முட்டை தங்க முட்டைதான்.

ஆனாலும் இந்த ஆட்சேபங்களில் எதையும் 100 அடி தூரம் தீர்க்காது. சேவல் கூடாது, ஆறு கோழிக்கு மேல் கூடாது, தினம் நகர்த்த வேண்டும், ராத்திரி பூட்ட வேண்டும், தீவனத்தை மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். இந்த ஐந்தும் நாற்றத்தையும் எலியையும் சத்தத்தையும் நேராகக் குறைப்பவை. நகரும் கூண்டுக்கு இவற்றையே விதியாக எழுதிவிட்டு, தூரத்தைச் சான் பிரான்சிஸ்கோ அளவுக்குக் குறைக்கலாம். அங்கே 20 அடி போதுமென்றால் ஹூஸ்டனில் ஏன் போதாது?

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். இந்த நாட்டில் கோழி, வந்தேறிகளைக் காப்பாற்றியிருக்கிறது. நியூஜெர்சியின் வைன்லேண்ட் பக்கம் 1882-ல் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள் குடியேறினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நாஜி முகாம்களில் தப்பியவர்கள் பலர் அதே வட்டாரத்துக்கு வந்து கோழிப் பண்ணை வைத்தார்கள். ஆங்கிலம் தெரியாமலே முட்டை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நமக்கு முட்டையில் பிழைக்க வேண்டிய நிலை இல்லை. ஆனால் ஆறு மாத விசாவில் வந்து, சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்த்தே திரும்பிப் போகிற பெற்றோர்களில் எத்தனை பேருக்குக் கோழியின் நோய் பார்க்கத் தெரியும், அடை வைக்கத் தெரியும்! அவர்கள் மருமகளுக்கும் பேரனுக்கும் சொல்லித்தர ஒரு வேலையாவது அந்தக் கொல்லையில் கிடைக்கும்.

டெக்சாஸ் புறநகர்களில் நம்மவர் அதிகம் வாங்கும் புதுக் குடியிருப்புகளில் தடை நகராட்சியிடமிருந்து வருவதில்லை, சங்கத்திடமிருந்து வருகிறது. நண்பர் ஒருவருக்கு அவருடைய சங்கத்திலிருந்து வந்த கடிதத்தில் மூன்று கோழிகளும் 'தொல்லை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. 2023 நவம்பரில் டெக்சாஸ் மக்கள் வாக்களித்து, சொந்த நிலத்தில் விவசாயமும் கால்நடையும் செய்யும் உரிமையை அரசமைப்பிலேயே சேர்த்தார்கள். அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். பத்திரத்தோடு நாம் கையெழுத்திட்ட சங்க ஒப்பந்தத்தைத் தொடாது. மழைநீர்த் தொட்டி, மட்கு உரக்குழி, சூரியத் தகடு இவற்றைச் சங்கம் அடியோடு தடுக்க முடியாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. நகரும் கூண்டில் ஆறு பெட்டைக்கோழியை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதலாம்.

அதுவரை, முதலில் உங்கள் சங்க ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். கோழித் தடை சங்க நிர்வாகக் குழு போட்ட வெறும் விதியில் இருந்தால் குழுவே மாற்றலாம். மூல ஆவணத்தில் இருந்தால், அதில் குறைந்த அளவு எதுவும் குறிப்பிடாத பட்சத்தில், மொத்த ஓட்டில் 67 சதவீதம் தேவை. முந்நூறு வீட்டுக் குடியிருப்பில் அது 201 வீடு. வருஷாந்திரக் கூட்டத்துக்கு முன்னால் தபாலில் வரும் ஓட்டுச்சீட்டைப் பிரிக்காமலே மறுசுழற்சித் தொட்டியில் போடுகிற வீடுகளிலிருந்துதான் அந்த 201-ஐத் தேட வேண்டியிருக்கும்.