'லாயல்' என்னும் பதம்

ஆங்கில பாஷையில் 'லாயல்' என்றோர் அடைமொழி உண்டு. நம்மவர் இதனை நெடுங்காலமாக 'ராஜபக்தியுள்ள' என்று மொழிபெயர்த்து வந்தனர். இம்மொழிபெயர்ப்பு பிழையென்பதும், அப்பிழையால் நம் தேசத்துக்கு விளைந்த தீங்கு சிறிதன்றென்பதும் நமது அபிப்பிராயம்.

லத்தீனில் 'லெக்ஸ்' என்றால் சட்டம். அதனின்று பிறந்த 'லெகாலிஸ்' என்ற பதம் பழைய பிரெஞ்சில் 'லொயால்' எனத் திரிந்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. அதே லத்தீன் பதம் அதிகத் திரிபின்றி வந்து 'லீகல்' ஆயிற்று. ஆகவே 'சட்டப்படியான' என்பதும் 'லாயல்' என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பக்திக்கு இங்கே இடமேது? பக்தி கணக்குக் கேளாது. சட்டமோ ஆள்வோனையும் ஆளப்படுவோனையும் ஒருங்கே கட்டும்.

ஆங்கிலேயர் தம் வீட்டில் இப்பதத்தைப் பிரயோகிக்கும் விதத்தைப் பாருங்கள். மந்திரிகளை வீழ்த்த நாள்தோறும் முயலும் கட்சிக்குப் பார்லிமெண்டில் 'மன்னரின் லாயல் எதிர்க்கட்சி' என்று பெயர். 1826இல் ஹாப்ஹவுஸ் என்ற அங்கத்தினர் 'மன்னரின் எதிர்க்கட்சி' என்று வேடிக்கையாகச் சொன்னார், அது நிலைத்துவிட்டது. 1937இல் அக்கட்சித் தலைவருக்குப் பொக்கிஷத்திலிருந்து சம்பளம் கொடுக்கவும் சட்டம் செய்தனர்.

இங்கேயோ, 1870இல் பீனல் கோடில் 124-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அப்பிரிவு கூறும் 'அப்ரீதி'யில் லாயல் அன்மையும் அடங்குமென்று 1898இல் விளக்கமும் எழுதினார்கள். 1908இல் திலகர் ஆறு வருஷ தண்டனை பெற்று மாந்தளைக்குச் சென்றார். அவ்வருஷமே சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட்டு அதைப் பின்னர் குறைத்தது. லண்டனில் சம்பளம் பெறத்தக்க காரியம் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுக்க வைத்தது! அன்பைச் சட்டத்தினால் உண்டாக்க முடியாதென்று 1922இல் அகமதாபாத் நியாயஸ்தலத்தில் காந்தியடிகள் சொன்னதற்கு இன்றளவும் மறுமொழியில்லை.

124-ஏ பிரிவை 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பீனல் கோடே மறைந்து, நியாய சம்ஹிதை அமலுக்கு வந்திருக்கிறது. அதன் 152ஆம் பிரிவில் அப்ரீதி என்ற பதம் இல்லை. மெத்தச் சரி. ஆனால் பழைய ராஜபக்தி ஒழிந்ததா? மன்னர் போனார், அவருக்குச் செலுத்திய பக்தியை இன்று மந்திரிகள் தங்களுக்கு வரியாகக் கேட்கின்றனர். சர்க்காரைக் கண்டிப்பவனைத் தேசத்துரோகியென்று ஏசும் நாவுகள் எக்கட்சி ஆட்சியிலும் ஓய்ந்தபாடில்லை.

அவ்வாறு ஏசுவோர், அவன் எந்தச் சட்டத்தின் எவ்விதியை மீறினான் என்பதை முதலில் சொல்லட்டும்.