எத்தனை பேர் என்பதல்ல கேள்வி

என் பழைய பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பெண் ஒருத்தி போனில் கேட்டாள்: "பெரியம்மா, மூணு பேரும் மனசாரச் சம்மதிச்சு ஒண்ணா வாழ்ந்தா என்ன தப்பு?" கூடப் பணிபுரிகிறவர்கள் அப்படிப் பேசிக்கொள்கிறார்களாம். இது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து, "கலிகாலம்", "பண்பாடு போச்சு" என்று ஒரே கூச்சல்.

கூச்சல் போட்டவர்களைக் கேட்கிறேன். ஒரு ஆளுக்கு இரண்டு குடும்பம் என்பது விழுப்புரம் பக்கம் நேற்று வந்ததா? "சின்ன வீடு" என்ற சொல்லை எந்த வெள்ளைக்காரன் நமக்குக் கற்றுக்கொடுத்தான்?

இந்து ஆண் எத்தனை பேரை வேண்டுமானாலும் கட்டலாம் என்றிருந்ததைச் சென்னை மாகாணத்தில் 1949ஆம் வருடச் சட்டம் நிறுத்தியது. அதைக் கொண்டுவந்தது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சி. நம் திண்டிவனம் பக்கத்து மனிதர். 1955இல் இந்து திருமணச் சட்டம் வந்து, நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் அதுவே விதியானது.

சட்டம் வந்தும் பழக்கம் போகவில்லை. ஒளிந்துகொண்டது. திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். பந்தலில் தாலி கட்டிய மனைவி. தெருமுனைப் புளியமரத்தடியில் இன்னொருத்தி, அவள் கையைப் பிடித்தபடி என் நாலாம் வகுப்புப் பையன். அப்பன் முகத்தைப் பார்க்கக்கூடப் பங்காளிகள் அவனை விடவில்லை. பந்தலில் இருந்தவளும் பாவம்தான். இருபது வருடம் ஊரே அறிந்த சேதியை அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த மாதிரிப் பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்தவர்களையும் முறையான பிள்ளைகள் என்கிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் தகப்பனுக்குச் சேர வேண்டிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தாய்க்கு மனைவி என்ற வாரிசுரிமை கிடையாது.

நம் ஊர்ச் சாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சி மேலச்சேரி தொடங்கி ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில். ஐந்து பேருக்கு மனைவியானவளைக் கும்பிட்டுத்தான் தீ மிதிக்கிறோம். கூத்தில் அவள் சபையில் நின்று அழும்போது நாமும் அழுகிறோம். அவள் துயரம் ஐந்து என்ற கணக்கால் வந்ததா? "பங்கிட்டுக்கொள்ளுங்கள்" என்று குந்தி சொன்னாள், சொன்னபடி நடந்தது. பிறகு அவளைக் கேட்காமலேயே சூதில் வைத்தார்கள். புடவையை உருவியபோது ஐந்து பேரில் ஒருவரும் எழுந்து வந்து தடுக்கவில்லை.

எனக்குத் திருமணம் என்றால் இதுதான்: ஒளிக்காமல் இருப்பது, ஆபத்தில் பக்கத்தில் நிற்பது, பிள்ளைக்குப் பதில் சொல்வது. தாலி அதற்கு அடையாளம் மட்டுமே. நம் தண்டனைச் சட்டம்கூட இரண்டாம் திருமணத்துக்கு 7 வருடம் வரை என்றும், முதல் திருமணத்தை மறைத்துச் செய்தால் 10 வருடம் வரை என்றும் வைத்திருக்கிறது. மறைப்பது பெரிய குற்றம் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு என் பதில்: மூன்று பேர் சம்மதம் என்கிறாய். அதில் ஒருவர், விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் தலையாட்டியிருந்தால் அது சம்மதம் ஆகாது. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மரியாதையோடு வெளியேற மூவருக்கும் வழி இருக்கிறதா? 2005 குடும்ப வன்முறைச் சட்டம் தாலி கட்டாமல் சேர்ந்து வாழும் பெண்ணையும் காக்கிறது. ஆனால் அந்த உறவில் இருவரும் திருமணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக, மணமாகாதவர்களாக இருக்க வேண்டும் என்று 2010இல், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளை அடி விழுந்தாலும் நோய் வந்தாலும் மூன்றாவது ஆளுக்குத் துணைவர் என்ற சட்ட உரிமை இல்லை. இதற்கெல்லாம் பதில் இல்லாமல் வாழ்வது புதுமை இல்லை, கண்ணு. பழைய சின்ன வீட்டுக்குப் புதுப் பெயர்.

பெரியவர்களுக்கும் ஒன்று. அவள் ஒளிக்காமல் நம்மிடம் வந்து கேட்டாள். நம் தாத்தாக்கள் யாரையும் கேட்கவில்லை. திட்டி வாயை மூடினால் அவளும் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வாள்.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.