சத்தியம் வாங்கினா குடி நின்னுடுமா?

அப்பா கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டு உள்ளே ஓடுகிற குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? குடிப்பவர் ஒருவர், பயப்படுவது மொத்த வீடு.

நாம் என்ன செய்கிறோம்? கோயிலில் சத்தியம் வாங்குகிறோம். ரெண்டே நாளில் கை நடுங்கும், தூக்கம் போகும், மறுபடி கடை வாசல்தான். உடம்பே மதுவுக்குப் பழகிவிட்ட நோய் இது. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் முதலில் டாக்டர், அப்புறம் சத்தியம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். தயக்கம் இருந்தால் 14416-ல் இலவசமாகப் பேசலாம்.

குடியை விட்டால் சம்பளம் முழுசா வீடு வந்து சேரும். குழந்தையின் நம்பிக்கை மட்டும் கொஞ்சம் லேட்டாகத்தான் திரும்பும். ஒருநாள் அதே கேட் சத்தத்துக்கு அது வாசலுக்கு ஓடிவரும், அதுவரை பொறுத்திருங்கள்.