இறக்கைக்கு மாலை போடுகிறவர்களே, எஞ்சினைக் கேட்டீர்களா?

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு காலத்தில் விமானம் செய்தார்கள் என்று யாராவது சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சொன்னவர் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். தர்மபுரி என்றால் ஒகேனக்கல், மாம்பழம், ராகி, விடியற்காலை பெங்களூர் பஸ். விமானமா? ஆமாம், விமானம்தான். ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் 1990களில் பி-68சி என்ற இரட்டை எஞ்சின் விமானத்தைத் தயாரித்தது. பிறகு பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) வடிவமைத்த ஹன்சா-3 பயிற்சி விமானமும் அங்கே உருவானது. அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது ஓடுபாதையோடு சேர்ந்து பெருமையும் அந்தப் பக்கம் போய்விட்டது.

பெருமை கிடக்கட்டும். அந்த விமானங்களின் எஞ்சின் எங்கிருந்து வந்தது? பி-68சி-க்கு அமெரிக்காவின் லைகமிங். ஹன்சா-3-க்கு ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ். உடம்பு இங்கே, இதயம் இறக்குமதி. இந்தக் கணக்கு அன்றும் அப்படித்தான், இன்றும் பெரிதாக மாறவில்லை. மாறாததற்குக் காரணம் பணம், தொழில்நுட்பம் என்று ஆயிரம் சொல்லலாம். ஒரு காரணத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. நமக்கு எஞ்சின் மீது ஆர்வமே இல்லை. நமக்குப் பிடித்தது இறக்கை.

சந்தேகமா? அடிக்கடி பத்திரிகையில் வரும் அந்தச் செய்தியை நினைத்துப் பாருங்கள். "பழைய இரும்பில் விமானம் செய்த வாலிபர்". கூடவே போட்டோ. பையன் காக்பிட்டில் உட்கார்ந்து கட்டை விரலை உயர்த்துகிறான். பக்கத்தில் உள்ளூர்ப் பிரமுகர் சால்வையோடு. எத்தனை கிலோ அலுமினியம், எத்தனை லட்சம் செலவு, அம்மா நகையை அடகு வைத்தாரா, எல்லாம் இருக்கும். எஞ்சினைப் பற்றி ஒரே வரி: "பழைய கார் எஞ்சின் பொருத்தப்பட்டுள்ளது". முடிந்தது. அந்த எஞ்சின் தரையில் எத்தனை மணி நேரம் ஓடியது, முழு த்ராட்டிலில் எத்தனை நிமிடம் தாங்கியது, பெட்ரோலை யார் அளந்து ஊற்றுகிறார்கள் என்று எந்த நிருபரும் கேட்டதாகத் தெரியவில்லை. சால்வை போர்த்தியவர் கேட்டிருப்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம் :-)

இறக்கை செய்வது சுலபம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இறக்கையை அளவு நாடாவால் அளக்கலாம், அதன் மேல் மணல் மூட்டை அடுக்கிச் சோதிக்கலாம், தப்பாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். எஞ்சினுக்குள் போகிற பெட்ரோல் தப்பாக இருந்தால் தெரியாது. தெரியும்போது 500 அடி உயரத்தில் இருப்பீர்கள்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களில் ஒரு சிறு கூட்டம் மஸ்தா கம்பெனியின் 13பி ரோட்டரி எஞ்சின் மேல் பைத்தியமாக இருக்கிறது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முக்கோண வடிவ ரோட்டர் இரண்டு, முட்டை வடிவக் கூட்டுக்குள் சுழல்கின்றன. ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்று. எடை குறைவு, அதிர்வு குறைவு. இந்தக் கூட்டத்தில் பிரபலமானவர் அமெரிக்காவின் ட்ரேசி க்ரூக். தன் ஆர்.வி-4 விமானத்தில் 13பி-யை வைத்துப் பல வருடம் பறந்தவர். அவர் பெயர் நிலைத்தது வெறுமனே பறந்ததால் அல்ல. அந்த எஞ்சினுக்கென்றே ஃப்யூல் இன்ஜெக்ஷனையும் இக்னிஷனையும் ஆட்டுவிக்கிற கன்ட்ரோலரைச் செய்தார். ஒன்று செத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும்படி இரட்டையாகச் செய்தார். பெரிய வேலை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃப்யூல் இன்ஜெக்ஷன் என்பது மளிகைக் கடை விலைப்பட்டியல் மாதிரி ஒரு அட்டவணை. மேலிருந்து கீழே எஞ்சின் வேகம், இடமிருந்து வலமாக உள்ளே போகும் காற்றின் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்: இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும். கன்ட்ரோலர் கட்டத்தைப் பார்க்கும், அவ்வளவு பெட்ரோலை விடும். ட்யூனிங் என்றால் அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்புவது. பென்னாகரம் ரோட்டுப் பட்டறையில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிக் காதாலேயே ஐடிலிங் பிடிக்கிற அண்ணன்களின் திறமைக்கு ஒரு கும்பிடு. ஆனால் இந்த அட்டவணையைக் காதால் நிரப்ப முடியாது. சைலன்சர் பக்கம் ஆக்சிஜன் சென்சார் வேண்டும், புகையின் வெப்பத்தை அளக்கும் மீட்டர் வேண்டும், எஞ்சினை அசையாமல் கட்டிப்போட்டு மணிக்கணக்கில் முழு லோடில் ஓட்ட இடம் வேண்டும்.

இப்போது ஒரு உதாரணம். ஒருவர் ஓசூரில் எஞ்சினைக் கட்டி, அங்கேயே பொறுமையாக ட்யூன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தமே 91 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். டர்போ இல்லாத எஞ்சினில் த்ராட்டிலை எவ்வளவு திறந்தாலும் அதற்கு மேல் போகாது. ஆகவே அட்டவணையில் 91-க்கு மேல் உள்ள கட்டங்களை எஞ்சின் தொட்டதே இல்லை. அவற்றில் இருப்பது உத்தேச எண். தர்மபுரிக்கு இறங்கினால் 450 மீட்டருக்குச் சற்று மேல், அழுத்தம் 96 பக்கம். சென்னையில் 101. சென்னையில் டேக் ஆஃபுக்கு முழு த்ராட்டில் கொடுத்தால் எஞ்சின் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த உத்தேசக் கட்டங்களுக்குள் நுழைகிறது. அங்கே பெட்ரோல் குறைவாக இருந்தால் நாக்கிங். பிஸ்டன் எஞ்சின் கொஞ்ச நேரம் அடியை வாங்கிக்கொண்டு ஓடும். ரோட்டரியில் ரோட்டரின் முனையில் உட்கார்ந்து வாயுவைத் தடுக்கிற அபெக்ஸ் சீல், பிந்திய 13பி-க்களில் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். நாக்கிங்குக்கு முதல் பலி அதுதான். சீல் உடைந்தால் அந்த ரோட்டரின் சக்தி போச்சு.

இது கற்பனைப் பயம் என்பவர்களுக்கு: ஹன்சா-என்.ஜி. என்ற புதிய ஹன்சாவை என்.ஏ.எல். 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறக்கவிட்டது. அதில் இருப்பது ஃப்யூல் இன்ஜெக்ஷன் உள்ள ரோடாக்ஸ் 912. கன்ட்ரோலரில் இரண்டு தனித்தனித் தடங்கள், இரண்டு ஜெனரேட்டர், உலகம் முழுக்கப் பறந்து தேறிய எஞ்சின். அப்படி இருந்தும் 2022 பிப்ரவரியில் அந்த விமானத்தை பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு ஓட்டிக்கொண்டு போய், கடல் மட்டத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று மார்ச் வரை சோதித்தார்கள். வேலை இல்லாமலா போனார்கள்?

அடுத்த தலைவலி பெட்ரோல். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு ஏழெட்டு சதவீதம் அதிக எரிபொருள் தேவை. சுத்தமான பெட்ரோலில் ட்யூன் செய்த அட்டவணையில் இதை ஊற்றினால் எல்லாக் கட்டமும் ஒரே நாளில் லீன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்கில் சென்சார் பார்த்துத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். முழு சக்தியில் அட்டவணையை மட்டும் நம்பி ஓடுகிற வீட்டுத் தயாரிப்புக்கு யார் சரிசெய்வார்கள்? விமானத்துக்கான ஏவ்கேஸ் வாங்கலாமே என்பீர்கள். அதில் ஈயம் இருக்கிறது, ட்யூனிங்குக்கு வைத்த ஆக்சிஜன் சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும். கரண்ட் வேறு. லைகமிங்கின் மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. இன்ஜெக்ஷன் கன்ட்ரோலருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் கரண்ட் நின்றால் எஞ்சினும் நின்றது.

இந்தியாவுக்கு ரோட்டரி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியாவே அதைச் செய்திருக்கிறது சார். நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்துக்கு முதலில் பிரிட்டன் எஞ்சின். அதற்குப் பதிலாக 55 குதிரைசக்தி ரோட்டரி ஒன்றை நம்மவர்களே உருவாக்கினார்கள். கூட்டின் உட்புறத்துக்கான நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு என்.ஏ.எல். வேலை. இக்னிஷனும் எரிபொருள் அமைப்பும் அகமதுநகரில் உள்ள ராணுவ வாகன ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. 2009-ல் அந்த எஞ்சினோடு நிஷாந்த் கோலாரிலிருந்து பறந்தது. கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம். பறக்கவிடும் முன் தரையில் நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்து, சான்றளிக்கிற அமைப்பு தற்காலிக அனுமதி கொடுத்த பிறகுதான் மேலே விட்டார்கள். ஆள் யாரும் உட்காராத விமானம் அது! ஆள் உட்காராததற்கு இவ்வளவு, ஆள் உட்காருவதற்கு ஒரு சால்வை.

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் யவத்மாள் மாவட்டத்தில் 24 வயது இளைஞர் ஒருவர், தானே செய்த ஹெலிகாப்டரைத் தரையில் ஓட்டிப் பார்த்தபோது விசிறி உடைந்து தாக்கி இறந்தார். அது பெட்ரோல் கோளாறு இல்லை. ஆனால் வெல்டிங் தெரிந்த, இரவெல்லாம் உழைக்கத் தெரிந்த அந்தப் பையன் பக்கத்தில் நின்று, "தம்பி, இதைக் கழற்று, இன்றைக்கு ஓட்டாதே" என்று சொல்கிற வேலையில் இந்த நாட்டில் யாருமே இல்லை. செத்த பிறகு எல்லா டிவியும் வந்தது.

யாரும் இல்லாமல் போனது எப்படி? சட்டத்தின் பக்கம் போனால் கதவு பூட்டியிருக்கிறது. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய பைலட் அமோல் யாதவ் 2011-ல் பதிவுக்கு விண்ணப்பித்தார். பதிவு கிடைத்தது 2017 நவம்பரில், அதுவும் முதலமைச்சர், பிரதமர் வரை விஷயம் போன பிறகு. அவரே ஒரு பைலட். பாலக்கோட்டில் ஐடிஐ முடித்த பையனுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி போக வழி இல்லாததால் அவன் தென்னந்தோப்புக்குப் போகிறான். தோப்பில் சோதனை அதிகாரி இல்லை, மீட்டர் இல்லை, தீயணைப்பான் இல்லை. தடை போட்டு உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு.

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் சான்றிதழ் பெற்ற ஜோடி என்றால் பொதுவாக 25 மணி நேரம், மஸ்தா ரோட்டரி மாதிரி சான்றில்லாதது என்றால் 40 மணி நேரம், ஊர் இல்லாத பகுதிக்கு மேலே பறந்து நிரூபித்த பிறகே பயணிகளை ஏற்றலாம். கவனியுங்கள், சட்டம் எஞ்சினைத்தான் கேட்கிறது. ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் இங்கிலாந்தில், கொரோனா ஊரடங்கு காலத்தில் நான்கு இருக்கை விமானத்தைக் கட்டி, 2022-ல் குடும்பத்தோடு பறந்தார். அதே மனிதர் ஆலப்புழையிலேயே இருந்திருந்தால்?

"ஏழைப் பையன் கனவு காண்கிறான், ஏன் கல்லெறிகிறாய்?" என்று ஒரு கோஷ்டி வரும். கல்லெறிவது அவனை நோக்கி அல்ல. கனவைப் பாராட்டிவிட்டு, கனவு எரிந்து விழாமல் இருக்க ஒரு மீட்டர் கூட வாங்கித் தராதவர்களை நோக்கி. "இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு" என்று இன்னொரு கோஷ்டி. பொழுதுபோக்கு என்று அமெரிக்காக்காரன் கற்றுக்கொண்ட அதே ட்யூனிங்தான் ட்ரோன் எஞ்சினுக்கும் வேண்டும். பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019-ல் தொடங்கினார்களே, சென்னை, கோவை, திருச்சி, சேலம், ஓசூர் என்று ஐந்து ஊர், அந்த வழித்தடத்தில் வேலைக்குப் போகப் போகிறவர்கள் யார்? தர்மபுரிப் பையன்கள்தானே. இப்போது அவர்கள் ஓசூர் ஆலைகளில் போல்ட் முடுக்குகிறார்கள். அட்டவணையை நிரப்பக் கற்றுத் தருகிற இடம் எங்கே இருக்கிறது?

செலவுக் கணக்கும் பார்த்துவிடலாம். கேட்பது விமான நிலையம் அல்ல. கான்க்ரீட் தளம் போட்ட ஒரு கொட்டகை, எஞ்சினைக் கட்டிப்போடும் ஸ்டாண்டு, சக்தி அளக்கும் டைனமோமீட்டர், சென்சார்கள், தீயணைப்பு வசதி, கண்டிப்பான ஒரு ஓய்வுபெற்ற டெக்னீஷியன். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. குறிப்பிட்ட மணி நேரம் ஓடித் தேறாத எஞ்சினுக்கு அனுமதி இல்லை, தேறினால் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதை ஆவணமாக ஏற்க வேண்டும். டைனமோமீட்டர்தான் பெரிய செலவு. அதையும் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கும் ட்ரோன் கம்பெனிகளுக்கும் வாடகைக்கு விட்டால் முதல் எடுக்க வழி இருக்கிறது.

இடம்? 2024 ஜூனில் ஓசூரில் 2000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் வரும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். கொட்டகைக்கு அரை ஏக்கர் போதும்.